கிட் வாங்கிட்டேன், போடறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

நொய்யல்_கரை | 9 பிப்ரவரி 2025, காலை 11:20

மனைவிக்கு ஒரு மாசம் தள்ளிப்போயிருக்கு. கார்டுல ரெண்டு கோடு. சின்னவனுக்கு இன்னும் ஒரு வயசு ஆகலை, சிசேரியன். இப்ப முடியாதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். தெரிஞ்ச மெடிக்கல்ல கருவைக் கலைக்கற அஞ்சு மாத்திரை கிட் வாங்கியாச்சு. ஒரு மாசக் கருதானே, ஸ்கேன் எல்லாம் காசு பிடுங்கற வேலைன்னு ஃப்ரெண்ட் சொல்றான். போடறதுக்கு முன்னாடி ஏதாவது பார்க்கணுமா?

வார்டு_சிஸ்டர் | 9 பிப்ரவரி, மதியம் 2:05

அட்டையைப் பிரிக்காம அப்படியே வைங்க தம்பி.

ஒரு மாசம் தள்ளிப்போச்சுன்னா அது ஒரு மாசக் கரு இல்லை. நாங்க கணக்கு வைக்கறது கடைசி மாதவிடாயோட முதல் நாள்ல இருந்து. மாசாமாசம் ஒழுங்கா வர்றவங்களுக்கு, நாள் தள்ளின அன்னைக்கே கணக்குல நாலு வாரம் ஆயிருக்கும். அதுக்கு மேல ஒரு மாசம்னா எட்டு வாரம் தாண்டியாச்சு. நம்ம நாட்டுல இந்த மாத்திரைக்கு அனுமதி ஒன்பது வாரம், 63 நாள் வரைக்கும்தான். முன்னாடி சட்ட விதியில ஏழு வாரம்னு இருந்தது, 2021ல ஒன்பதாக்கினாங்க.

இப்ப நான் கேக்கறதுக்கெல்லாம் உங்களுக்கே பதில் தெரியுதான்னு பாருங்க. கடைசியா எந்தத் தேதி வந்தது? அடிவயித்துல ஒரு பக்கமா வலி இருக்கா, நடுவுல சொட்டுச் சொட்டா பட்டுதா? காப்பர்-டி போட்டிருக்காங்களா? ரத்த அளவு, அதான் ஹீமோகுளோபின், எவ்வளவு? ஆஸ்துமா, வலிப்பு, டிபி, மூட்டுவலின்னு வேற எதுக்காவது மாத்திரை ஓடுதா? ரத்தம் உறையறதுல கோளாறு இருக்கா, ரத்தத்தை இளக்குற மாத்திரை உண்டா? பிளட் குரூப் என்ன? மாத்திரை போடற அன்னைக்கு வீட்டுல யார் கூட இருப்பாங்க, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

பாதிக்கு மேல உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஆச்சரியம்தான். கடையில நின்னது நீங்க, முழுங்கப் போறது அவங்க. கடைக்காரர் நல்லவரா இருந்து இதெல்லாம் கேட்டிருந்தாலும் ஒண்ணும் பிரயோஜனமில்லை. கேள்விக்குப் பதில் வீட்டுல உக்காந்திருக்கு.

வார்டு_சிஸ்டர் | 9 பிப்ரவரி, இரவு 9:50

"தேதி அவளுக்கு ஞாபகம் இல்லை சிஸ்டர்"னு எழுதியிருக்கீங்க. யாருக்கும் ஞாபகம் இருக்காது. தேதி கேட்டா எந்தப் பொம்பளையும் முழிக்கத்தான் செய்வா. நாங்க ஓ.பி.யில அப்படிக் கேக்கறதே இல்லை. மேசையில தினசரி காலண்டர் ஒண்ணு கிடக்கும், அதைத் திருப்பிக்கிட்டே கேப்போம். பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனீங்களா, வீட்டுலயே இருந்தீங்களா? மார்கழியில வாசல்ல கோலம் யார் போட்டது? ரேஷன்ல பொங்கல் பரிசு வாங்கப் போனப்ப நாப்கின் வெச்சிருந்தீங்களா? டக்குனு பிடிச்சிருவாங்க. "அன்னைக்கு நான் பூஜை ரூமுக்கே போகலை சிஸ்டர்"னு ஒருத்தி சொன்னா அந்தத் தேதி கல்வெட்டு.

இப்படிக் கேட்டுப் பாருங்க.

வார்டு_சிஸ்டர் | 9 பிப்ரவரி, இரவு 10:35

"கார்த்திகை தீபத்தன்னைக்கு விளக்கு ஏத்தினது அம்மா, இவ ஏத்தலை, அன்னைக்குக் காலையிலதான் வந்ததாம்." பாத்தீங்களா!

தீபம் டிசம்பர் 13. இன்னைக்கு 58வது நாள். எட்டு வாரம் ரெண்டு நாள். 63 முடியறது வர்ற வெள்ளிக்கிழமை. "ஒரு மாசம்தானே"ன்னு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா எல்லையைத் தாண்டியிருப்பீங்க.

நாளைக்கே ஜி.ஹெச். கூட்டிட்டுப் போங்க. திங்கக்கிழமை கூட்டமா இருக்கும், எட்டு மணிக்கெல்லாம் சீட்டு போட்டுருங்க.

வார்டு_சிஸ்டர் | 10 பிப்ரவரி, காலை 6:40

ராத்திரி படுத்த பிறகு தோணுச்சு. அவங்க பால் கொடுக்கறவங்க. பால் கொடுக்கறப்ப சுழற்சி ஒழுங்கா இருக்காது, கரு முட்டை பின்னாடி தள்ளி வெளியாயிருக்கலாம். அதனால 58ங்கறதும் மேல்கணக்குதான், நிஜமான வளர்ச்சி கம்மியா இருக்க வாய்ப்பு உண்டு. பிசிஓடி, அதாவது சினைப்பையில நீர்க்கட்டி உள்ளவங்களுக்கும் இதே கதைதான். ரெண்டு மாசம் மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்றவங்ககிட்ட கடைசித் தேதியைக் கேட்டு நாள் எண்ணறதுல அர்த்தமில்லை, ஸ்கேன்தான் சொல்லணும்.

இதுக்கு நேர் எதிரா நடக்கறதும் உண்டு. கரு தங்கின பிறகு லேசா பட்டதை மாதவிடாய்னு நினைச்சுக்குவாங்க. "போன மாசம் வந்துச்சே, ஒரே நாள்ல நின்னுடுச்சு, சூடுன்னு நினைச்சேன்"பாங்க. ஸ்கேன்ல பாத்தா பத்து வாரம் தாண்டியிருக்கும். எப்பவும் அஞ்சு நாள் வர்றவங்களுக்கு ஒரு நாள் மட்டும் வந்திருந்தா அதை மாதவிடாய்க் கணக்குல சேர்க்கக் கூடாது, அதுக்கு முந்தினதுல இருந்து எண்ணணும்.

வார்டு_சிஸ்டர் | 10 பிப்ரவரி, மாலை 5:15

மேல "லண்டன்_மாப்ள" எழுதினதுக்கு: "இங்கெல்லாம் ஸ்கேனே இல்லாம போன்ல பேசி வீட்டுக்கு அனுப்பிடறாங்க, நம்ம ஊர்லதான் பயமுறுத்தறாங்க."

உண்மைதான், மறுக்கலை. இங்கிலாந்துல கொரோனா காலத்துல 2020ல ஆரம்பிச்சாங்க, 2022ல நிரந்தரமாக்கிட்டாங்க, பத்து வாரம் வரைக்கும். ஸ்கேன் எல்லாருக்கும் கட்டாயம்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லலை. தேதி தெளிவா இருந்து, வலி இல்லாம, முன்னாடி குழாய்க் கர்ப்பம் வந்திராம இருந்தா கேட்டும் தொட்டும் பாத்தே முடிவெடுக்கலாம்.

ஆனா அங்க போன்ல யாரோட பேசறாங்க மாப்ள? அந்தப் பொண்ணோடதான். நேரம் எடுத்துக் கேக்கறாங்க. இங்க அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்காம மாத்திரை வீட்டுக்கு வருது. லேன்செட் இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு, 2015ல இந்தியாவுல நடந்த கருக்கலைப்பு சுமார் 1.56 கோடின்னு கணக்குப் போட்டது. அதுல 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளிய மாத்திரையாலயே நடந்தது. கணக்கெடுத்த ஆறு மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லை, அதையும் சொல்லிடறேன். மருந்து நல்ல மருந்து, சரியாப் போட்டா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல வேலை செய்யும். வார்டுக்கு வர்ற மிச்சப் பேர் யாருன்னு பாத்தா, நான் மேல கேட்ட கேள்வியில ஏதோ ஒண்ணுல மாட்டினவங்களா இருப்பாங்க.

நொய்யல் தம்பி கேஸ்ல ஸ்கேன் வேணும். பால் கொடுக்கறாங்க, சிசேரியன் தழும்பு இருக்கு, எல்லைக்குப் பக்கத்துல நாள். சிசேரியன் ஆனவங்க மாத்திரை போடக் கூடாதுன்னு இல்லை, ஒன்பது வாரத்துக்குள்ள போடலாம். அபூர்வமா கரு அந்தத் தழும்புலயே போய் ஒட்டியிருக்கும், அது மட்டும் இல்லைன்னு தெரியணும்.

வார்டு_சிஸ்டர் | 10 பிப்ரவரி, இரவு 8:20

குழாய்க் கர்ப்பத்தைப் பத்தி ஒரு வரியில சொல்லிட்டுப் போனது போதாது.

கரு கர்ப்பப்பையில இல்லாம குழாய்ல தங்கிட்டா இந்த மாத்திரை அதை ஒண்ணும் பண்ணாது. கிட்ல முதல்ல போடற மிஃபிப்ரிஸ்டோன் கர்ப்பப்பையோட உள்சுவரைத்தான் தளர்த்துது, ரெண்டாவதா போடற மிசோபிராஸ்டால் கர்ப்பப்பையைத்தான் சுருக்குது. குழாய்ல இருக்கறது அது பாட்டுக்கு வளரும். ஆபத்து என்னன்னா, மாத்திரை போட்டதும் கர்ப்பப்பைச் சுவர் கரைஞ்சு உதிரம் வரும். வீட்டுல எல்லாரும் "ஆயிடுச்சு"ன்னு நிம்மதியாயிடுவாங்க. அடுத்த வாரம் வயித்துவலி வந்தா அதையும் மாத்திரை வலின்னு நினைச்சுக்குவாங்க. எங்க வார்டுக்கு வந்த ஒரு பொண்ணு, வெளுத்துப்போய், தோள்பட்டை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே வந்தா. வயித்தைப் பத்தி அவ பேசவே இல்லை. கூட வந்தவங்க "சுளுக்கு"ன்னாங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா உதரவிதானத்தை உறுத்தி வலி தோள்ல போய்த் தெரியும். டாக்டர் தோளைத் தொடக்கூட இல்லை, நேரா தியேட்டருக்கு அனுப்பினாங்க. பொழைச்சுக்கிட்டா.

நூறு கர்ப்பத்துல ஒண்ணு ரெண்டுதான் இப்படி. முன்னாடி குழாய்க் கர்ப்பம் வந்தவங்க, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியும் கரு தங்கினவங்க, காப்பர்-டி இருக்கறப்பவே தங்கினவங்க, இடுப்புல கிருமித் தொத்து வந்தவங்களுக்கு வாய்ப்பு கூட. இவங்க யாரும் ஸ்கேன் பாக்காம கிட்டைத் தொடவே கூடாது.

இன்னொண்ணு. அஞ்சு வாரம் ஆகறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு ஸ்கேனுக்கு ஓடினா உள்ள எதுவும் தெரியாது. அப்ப பயப்பட வேண்டாம், "கரு இல்லை"ன்னு சந்தோஷப்படவும் வேண்டாம். பீட்டா ஹெச்.சி.ஜி.ன்னு கர்ப்ப ஹார்மோனை அளக்கற ரத்தப் பரிசோதனை எடுத்து, 48 மணி நேரம் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பாப்பாங்க.

வார்டு_சிஸ்டர் | 11 பிப்ரவரி, காலை 7:10

நொய்யல் தம்பி: "காப்பர்-டி இல்லைன்னு நினைக்கிறேன்."

நினைக்காதீங்க, கேளுங்க. குழந்தை எங்க பொறந்தது? ஜி.ஹெச்.லயா? நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல பிரசவம் ஆன கையோட, சிசேரியன்னா தைக்கறதுக்கு முன்னாடியே, காப்பர்-டி வெச்சு அனுப்பறது ரொம்ப சகஜம். சொல்லித்தான் வைக்கணும், கையெழுத்தும் வாங்குவாங்க. ஆனா வலியில கிடக்கறவங்களுக்கு எத்தனை காதுல ஏறும்? டிஸ்சார்ஜ் அட்டையில எழுதியிருக்கும், அதை எடுத்துப் பாருங்க. உள்ள இருக்கறப்ப மாத்திரை போடக் கூடாது, முதல்ல எடுத்தாகணும்.

வார்டு_சிஸ்டர் | 11 பிப்ரவரி, இரவு 9:30

"ஸ்டீராய்டு எடுக்கறவங்க இந்தக் கிட்டைப் போடக் கூடாதாமே, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்"னு தனிச்செய்தியில ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, இங்கயே எழுதறேன்.

மிஃபிப்ரிஸ்டோனை 1980ல ஃபிரான்ஸ்ல ரூசல்-உக்ளாஃப் கம்பெனியில உருவாக்கினப்ப அவங்க தேடினது கலைக்கிற மருந்தையே இல்லை. உடம்பே சுரக்கற ஸ்டீராய்டான கார்ட்டிசாலைத் தடுக்கற மருந்தைத் தேடிக்கிட்டிருந்தாங்க. கர்ப்பத்தைத் தாங்குற புரோஜெஸ்ட்ரோனையும் அது தடுக்குதுன்னு தெரிஞ்சதும் கதை மாறிப்போச்சு. ஃபிரான்ஸ்ல 1988ல அனுமதி, நம்மகிட்ட 2002ல. ஆனா அந்தப் பழைய குணம் போகலை. கார்ட்டிசால் அளவுக்கு மிஞ்சிப்போற குஷிங் நோயில ஏறுற சர்க்கரைக்கு இதே மருந்தை அமெரிக்காவுல 2012ல இருந்து கொடுக்கறாங்க.

அப்ப, வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி இருக்கற உடம்புல, இல்லை அட்ரினல் சுரப்பி வேலை செய்யாதவங்க உடம்புல இதைப் போட்டா என்ன ஆகும்? தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருந்ததைப் பிடுங்கற மாதிரி. ரத்த அழுத்தம் சரிஞ்சுரும். அதனாலதான் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கு மாத்திரை வேண்டாம்கறோம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் மட்டும் இழுக்கறவங்க பயப்பட வேண்டாம், டாக்டர்கிட்ட சொன்னாப் போதும். தினமும் மாத்திரையா முழுங்கறவங்களுக்குத்தான் பிரச்சனை.

எங்க ஓ.பி.யில "மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் "இல்லை"ம்பாங்க. அப்புறம் "மூட்டுவலிக்கு பொடி சாப்பிடறீங்களா, உடம்பு போடறதுக்கு, கலர் ஆகறதுக்கு ஏதாவது?"ன்னு இழுத்துக் கேட்டா, முந்தானை முடிச்சுல இருந்து பொட்டலம் வரும். லேபிள் இருக்காது. அந்த மாதிரி பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பொட்டலத்தோட வாங்க, திட்ட மாட்டோம்.

(மாமியார் வீட்டுக் கஷாயமும் "மாத்திரை"யில சேராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு நம்ம ஊர்ல.)

வார்டு_சிஸ்டர் | 12 பிப்ரவரி, காலை 6:55

பப்பாளி, எள்ளு, அன்னாசி, கருஞ்சீரகம், நாலு மாடி ஏறி இறங்கறது. எதுவும் கலைக்காது. கலைஞ்சிருந்தா நம்ம ஊர்ல எள்ளுருண்டை சாப்பிடற யாருக்கும் குழந்தையே பொறந்திருக்காது. இதுல வீணாகறது நாள்தான். "பத்து நாள் எள்ளு தின்னு பாத்தேன் சிஸ்டர்"னு வர்றப்ப அந்தப் பத்து நாள்லயே எல்லை தாண்டியிருக்கும்.

வார்டு_சிஸ்டர் | 12 பிப்ரவரி, மதியம் 1:40

டியூட்டிக்கு நடுவுல எழுதறேன், சுருக்கமா. திங்கக்கிழமையில இருந்து நொய்யல் தம்பி சத்தமே இல்லை. ஸ்கேன் பாத்தாச்சா? ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா?

வார்டு_சிஸ்டர் | 13 பிப்ரவரி, இரவு 10:10

அவர் எழுதினதை அப்படியே போடறேன், கீழ படிக்கறவங்களுக்கு உதவும்:

"ஸ்கேன்ல ஏழு வாரம் மூணு நாள், கர்ப்பப்பையிலதான் இருக்கு, தழும்புல இல்லை. டிஸ்சார்ஜ் அட்டையில காப்பர்-டி வெச்சதா எழுதியிருந்தது சிஸ்டர்! ஸ்கேன்ல இல்லை, எப்பவோ விழுந்திருக்குன்னாங்க. ரத்தம் 7.6. மாத்திரை வேண்டாம், உறிஞ்சி எடுத்துடலாம், ரத்தம் ரெடியா வெச்சுக்கிட்டுப் பண்ணலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்கு முடிஞ்சது. நாளைக்கு வீட்டுக்கு. கிட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனா கடைக்காரர் என்னைத் தெரியாத மாதிரியே பேசறார்."

பில் இல்லாம வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கப் போன ஒரே ஆள் நீங்கதான் தம்பி. அதை வேற யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதீங்க. வீட்டுலயும் வைக்காதீங்க. மிசோபிராஸ்டால் ஈரக் காத்துபட்டாலே வீரியம் போயிடும், அலுமினியப் பொதியில ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்தாலும் நம்ப முடியாது.

இப்ப 7.6. எட்டுக்குக் கீழ இருந்தா மாத்திரைக்கு அனுப்பக் கூடாதுன்னு அரசு வழிகாட்டியிலயே இருக்கு. மாத்திரையில எவ்வளவு ரத்தம் போகும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது, மாதவிடாயை விடக் கண்டிப்பா ஜாஸ்தி. பன்னெண்டு இருக்கறவங்களுக்கு அது ஒரு வார அசதி. ஏழுல இருக்கறவங்களுக்கு அரை மணி நேரத்துல நிலைமை மாறிரும். தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. முகத்தைப் பாத்து யாராலயும் அளவு சொல்ல முடியாது. 7.6ல அந்தப் பொண்ணு வேலைக்குப் போய்க்கிட்டு, பால் கொடுத்துக்கிட்டு, தண்ணி தூக்கிக்கிட்டு இருந்திருக்கா.

வார்டு_சிஸ்டர் | 15 பிப்ரவரி, மாலை 4:25

"புருஷன் கையெழுத்து இல்லாம பண்ண மாட்டாங்க"ன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. சட்டத்துல அப்படி இல்லை. பதினெட்டு வயசு முடிஞ்ச பொண்ணு தானே ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். கல்யாணம் ஆகாதவங்களுக்கும் அப்படித்தான். கருத்தடை பலனளிக்கலைங்கற காரணத்தை முன்னாடி கல்யாணமானவங்களுக்கு மட்டும் வெச்சிருந்தாங்க, 2021 திருத்தத்துல எந்தப் பொண்ணும் சொல்லலாம்னு ஆயிடுச்சு. பேரை வெளிய சொன்னா டாக்டருக்கே ஜெயில் தண்டனை உண்டு. பதினெட்டுக்குக் கீழன்னா காப்பாளர் ஒப்புதல் வேணும், போக்சோவும் (சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) வரும். ஆனா போலீசுக்குத் தகவல் கொடுக்கறப்ப பொண்ணோட அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லைன்னு 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

நடைமுறையில கேக்கறாங்களான்னா, கேக்கறாங்க. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில புருஷன், மாமியார், ரெண்டு பேர்கிட்டயும் வாங்குவாங்க. பின்னாடி சண்டை வந்தா நம்மளை இழுக்கக் கூடாதுங்கற பயம்தான். அதைப் பாத்துட்டுத்தான் பொண்ணுங்க மெடிக்கலுக்குப் போறாங்க.

நாங்க செய்யறது இதுக்கு நேர்மாறு. கூட வந்தவங்களைச் சீட்டு வாங்கிட்டு வாங்கன்னு வெளிய அனுப்பிட்டு, "இது உங்களுக்கு வேணாமா, அவங்களுக்கு வேணாமா?"ன்னு கேப்போம். பெரும்பாலும் "எனக்குத்தான் வேணாம் சிஸ்டர்"னு பட்டுனு வரும். சில பேர் பதில் சொல்ல மாட்டாங்க, கால் கட்டைவிரலால தரையைக் கீறிக்கிட்டே நிப்பாங்க. அப்ப அன்னைக்கு மாத்திரை கிடையாது, "டாக்டர் நாளைக்கு வரச்சொன்னாங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவோம். முதல் மாத்திரையைப் போட்டுட்டு மனசு மாறினா சிக்கல். ரெண்டாவது மருந்தும் போட்டு, கரு கலையாம வளர்ந்தா, குழந்தைக்குக் கை கால்லயோ முக நரம்புலயோ கோளாறு வர வாய்ப்பு இருக்கு. ஆரம்பிச்சா முடிச்சாகணும். அதனால இந்தக் கேள்வியும் முன்னாடியே கேக்க வேண்டிய மருத்துவக் கேள்விதான் என் கணக்குல.

வார்டு_சிஸ்டர் | 18 பிப்ரவரி, இரவு 9:05

நொய்யல்_கரை ஐடியில இருந்து இன்னைக்கு அவரோட மனைவியே எழுதியிருக்காங்க. "அக்கா, இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்தப்பவே கொடுத்தாங்க. வெளிய கறுப்பா போகுதுன்னு பயந்து நிறுத்திட்டேன், இவருக்குத் தெரியாது. மாத்திரையே போட்டிருந்தா பால் நிறுத்தணுமா இருந்திருக்கும்?"

கறுப்பாத்தான் போகும் கண்ணு, அது இரும்பு. டீ காப்பியோட சேர்த்துப் போடாத, எலுமிச்சைத் தண்ணியோட போடு.

பால் நிறுத்த வேண்டியதில்லை. மிசோபிராஸ்டால் கொஞ்சம் பால்ல வரும், சில மணி நேரத்துல குறைஞ்சிரும். குழந்தைக்குக் கொடுத்துட்டு அப்புறம் மாத்திரை போட்டாப் போதும், மிஞ்சிப்போனா பிள்ளைக்கு லேசா வயிறு இளகும். அடுத்தது சீக்கிரம் தங்காம பாத்துக்கோ, இதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்குள்ளயே முட்டை வெளியாகலாம். காப்பர்-டி திரும்ப வைக்கச் சொன்னாங்களா? வெச்சா ஆறாவது வாரம் நூல் இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வா. போன தடவை அதைப் பாக்கலை, அதான் விழுந்தது தெரியலை.

வார்டு_சிஸ்டர் | 24 பிப்ரவரி, காலை 7:30

பிளட் குரூப் எதுக்குக் கேட்டேன்னு "ஓ_நெகட்டிவ்" கேக்கறாங்க. நெகட்டிவ் குரூப் அம்மாவுக்கு பாசிட்டிவ் கரு இருந்தா, ரத்தம் கலந்து, அடுத்த குழந்தைக்கு எதிரா உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரிச்சு வெச்சுரும். அதைத் தடுக்க ஆன்ட்டி-டி ஊசி போடறோம். பன்னெண்டு வாரத்துக்குள்ளன்னா ஊசி தேவையில்லைன்னு 2022ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. எங்க டாக்டரம்மா இன்னும் போடத்தான் சொல்றாங்க, பெரும்பாலான இடத்துல அதுதான் பழக்கம். நானா இருந்தா போட்டுக்குவேன். குரூப் தெரியாதவங்க ரத்த அளவு பாக்கறப்பவே அதையும் சேர்த்துப் பாத்துக்கங்க.

வார்டு_சிஸ்டர் | 3 மார்ச், இரவு 8:45

புதுசா வந்தவருக்கு: "நேத்து ராத்திரி பாதுகாப்பில்லாம இருந்துட்டோம், இந்தக் கிட்டைப் போடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. அதுக்கு இந்தக் கிட் இல்லை. அதுக்கு ஐ-பில் மாதிரி லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை, 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கரு தங்காம தடுக்கும், தங்கினதைக் கலைக்காது. நம்ம ஊர்ல பல கடையில அதைக் கேட்டா "இல்லை"ன்னுட்டு, சில இடத்துல இதை எடுத்து நீட்டறாங்க. கர்ப்பமே இல்லாதவங்க அஞ்சு மாத்திரையையும் முழுங்கிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்ததைப் பாத்திருக்கேன்.

வார்டு_சிஸ்டர் | 9 மார்ச், மாலை 6:20

"டாக்டரைப் பாத்தாச்சு, நாளைக்கு மாத்திரை, என்ன எடுத்து வெச்சுக்கணும்"னு கேட்ட தங்கச்சிக்கு.

பெரிய நாப்கின் ரெண்டு பாக்கெட். டாக்டர் எழுதின வலி மாத்திரை, இபுப்ரூஃபென் போட்டா மருந்து வேலை செய்யாதுன்னு சொல்றது தப்பு, போடலாம். ரெண்டாவது மருந்து போட்ட சில மணி நேரத்துல குளிர்நடுக்கம், லேசா ஜுரம், வயித்துப்போக்கு வரும், அது மருந்தோட குணம். ஒரு நாள் தாண்டியும் ஜுரம் விடாம இருந்தா கிருமி. மணிக்கு ரெண்டு நாப்கின் முழுசா நனைஞ்சு, அப்படியே ரெண்டு மணி நேரம் போனா 108. "கொஞ்சம் பாப்போம்" கிடையாது. ரெண்டாவது மருந்து போடற அன்னைக்கு பஸ்ல ஊருக்குப் போறது, கல்யாணத்துக்குப் போறது வேணாம். விஷயம் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் வீட்டுல இருக்கணும், போன்ல இருந்தா பத்தாது. உதிரமே வரலைன்னாலும் உடனே போய்க் காட்டணும். எல்லாம் நல்லாப் போனாலும் ரெண்டு வாரத்துல போய்க் காட்டு. அதுக்குள்ள வீட்டுல கார்டு டெஸ்ட் பண்ணிப் பாத்துப் பதறாத, நாலு வாரம் வரைக்கும் ரெண்டு கோடு காட்டும்.

வார்டு_சிஸ்டர் | 16 மார்ச், காலை 10:50

"எனக்கு டிபி மாத்திரை மூணாவது மாசம் ஓடுது, நாள் தள்ளியிருக்கு." நீங்களே எழுதினது நல்லதாப் போச்சு.

டிபி கோர்ஸ்ல இருக்கற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கற கார்பமாஸிபின், ஃபெனிடாயின், இதெல்லாம் கல்லீரலை முடுக்கிவிட்டு மிஃபிப்ரிஸ்டோனைச் சீக்கிரமா உடைச்சுத் தள்ளிரும். மருந்து சரியா பிடிக்காமப் போகலாம். டிபி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, ஒரு நாள்கூட. மகப்பேறு ஓ.பி.யில முதல்ல சொல்ல வேண்டியதே டிபி விஷயத்தைத்தான். மாத்திரை அட்டையையும் டிபி நோட்டையும் கையோட கொண்டு போங்க, ரத்த அளவு கடைசியா எப்பப் பாத்தாங்கன்னு அதுல இருந்தா பக்கத்தை மடிச்சு வெச்சுக்கங்க. உறிஞ்சி எடுக்கறதே சரின்னு டாக்டர் சொன்னா பயப்படாதீங்க, அது சின்ன வேலைதான்.

கடைசியா எப்ப வந்ததுன்னு எழுதலையே?